பைலட் தலைக்கு மேல ஒரு கண்ணாடி

ராக்கெட் வெடிப் பெட்டிக்கு ரெண்டாம் உலகப்போர் விமானம் ஒண்ணு வரைஞ்சு தரச் சொல்லி எனக்கு ஆர்டர்.

வரையுறதைச் சரியா வரைவோம்னு, விமானப் பைத்தியங்க இருக்கிற ஒரு ஃபேஸ்புக் குழுவுல கேட்டேன்: "பைலட் தலைக்கு மேல, பின்னாடி வர்ற எதிரியைப் பார்க்க ஒரு கண்ணாடி இருக்குமே, அது வட்டமா சதுரமா?"

ஒரு வாரம் அடிச்சுக்கிட்டாங்க. கடைசியில, நான் வரையுற விமானத்துக்கு வட்டம்தான்னு முடிவாச்சு. மிளகு சைஸுல வரைஞ்சேன்.

இன்னைக்குக் கம்பெனியில லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். முதலாளி அண்ணாச்சி, "நல்லாருக்கு தம்பி. இறக்கை மேல கம்பி மத்தாப்போட ஒரு பாப்பாவை உக்கார வச்சிரு"ன்னார்.

அங்கனயே வச்சேன்.

உத்துப் பார்த்தவர், "இதுல பெட்ரோல் டேங்கு எங்கன இருக்கு?"ன்னார்.

"பைலட்டுக்கு முன்னாடி, அண்ணாச்சி."

"ஏலே, அதுக்குப் பக்கத்துலயா நெருப்பை வச்சிருக்க? தள்ளி வைலே!"

பறக்கிற விமானத்து மேல பாப்பா உக்காரலாம். பெட்ரோல் பக்கத்துல மத்தாப்புதான் ஆகாது. சிவகாசி.

பாப்பாவை வாலுக்குத் தள்ளிட்டேன்.

இப்போ பைலட்டோட கண்ணாடியில பாப்பா தெரியணுமா, வேண்டாமா? மறுபடி அந்தக் குழுவுல கேக்கப் பயமா இருக்கு. நீங்களே சொல்லுங்க.