படிக்க முடியாத நாற்பத்தொரு கோப்புகள்

கணினி முதல் முறை நின்றபோது மணி மதியம் ஒன்று பதினெட்டு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அறைக்குள் வந்தேன். திரை முழுவதும் நீலமாக இருந்தது. நடுவில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு பிழை எண். நான் படித்து முடிப்பதற்குள் தானாக அணைந்து, தானாக எழுந்தது. எங்கள் பக்கத்தில் மதியத்தில் கணினி நின்றால் யாரும் காரணம் தேடுவதில்லை, கரண்ட் போயிருக்கும் என்பார்கள். அன்று கரண்ட் போகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் ஒன்று இருபத்தொன்று. அதற்கு மறுநாள் மீண்டும் ஒன்று பதினெட்டு. மூன்று நாளும் அந்த நேரத்தில் கணினி பார்த்துக்கொண்டிருந்த வேலை ஒன்றுதான். தினமும் ஒரு மணிக்குத் தன்னிடம் இருப்பதையெல்லாம் வெளியே செருகியிருக்கும் சிறிய டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வைக்கும்படி நான் அமைத்திருந்தேன். தானாக நடக்கும் பேக்கப். அது நான் சாப்பிடும் நேரம், அப்போது கணினிக்கும் வேறு வேலை இல்லை.

ஒரு நாளிதழுக்கு அரியலூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் பல ஆண்டுகள் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். கணினியில் இருந்ததில் பெரும்பகுதி அந்தக் காலத்துப் படங்கள்: கவிழ்ந்த சுண்ணாம்புக்கல் லாரிகள், கலெக்டர் ஆபீஸ் மனுநீதி நாள் வரிசைகள், மழையில் அழுகிய சின்ன வெங்காயம். அவை போனால் எனக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் வேறு.

என் மனைவி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஊரடங்கில் பள்ளி மூடிக் கிடந்தபோது ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடங்களைப் போனில் பேசிப் பதிவு செய்து பெற்றோருக்கு அனுப்பினாள். மொத்தம் நாற்பத்தொரு பாடங்கள். போனில் இடம் போதவில்லை என்றதும் அவற்றைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு அவள் தொண்டையில் கட்டி வந்தது. திருச்சியில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தின் அடியில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறாள். பேச உதவும் என்று ஒரு கருவி வாங்கினோம். அதில் வரும் ஒலி அவளுக்குப் பிடிக்காததால் அது அலமாரியில் இருக்கிறது. பள்ளி ரஃப் நோட்டில் பென்சிலால் எழுதித்தான் என்னோடு பேசுகிறாள்.

அவள் குரல் வேறெங்கும் இல்லை. கல்யாண வீடியோவில் நாகஸ்வரம் மட்டும்தான் கேட்கிறது. அந்த நாற்பத்தொரு பாடங்களையும் நான் ஒரு முறைகூடப் போட்டுக் கேட்டதில்லை. பேச முடியாதவள் அடுத்த அறையில் இருக்கும்போது அவள் குரலை ஓடவிட எனக்குக் கை வரவில்லை. அவளும் கேட்டதில்லை. பத்திரமாக இருக்கிறது, அது போதும் என்று நினைத்திருந்தேன்.

கணினி நிற்கத் தொடங்கியதும் ஒரு நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துவைக்க ஆரம்பித்தேன். முதலில் யுபிஎஸ்ஸை மாற்றினேன். அப்போதும் கணினி நின்றது. பெட்டியைத் திறந்தால் உள்ளே விசிறி இறக்கைகளில் வெள்ளைத் தூசி, எங்கள் ஊர் ஜன்னல் கம்பிகளில் படிவது போலவே. ஊதித் துடைத்தேன். நின்றது. ரேம் மெமரியைக் கழற்றி அதன் பித்தளை நிற விளிம்பை மனைவியின் அழிரப்பரால் தேய்த்து மீண்டும் செருகினேன். நின்றது. ஒவ்வொரு முறையும் அந்த மதிய நேரத்திலேயே பேக்கப்பைக் கையால் ஓடவிட்டு, நிற்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, நோட்டில் எழுதினேன். ஒரு தகவலை இரண்டு இடத்தில் சரிபார்க்காமல் அனுப்பியவன் இல்லை நான்.

மனைவி அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தன் நோட்டில் எழுதினாள்: "நீங்க ரிட்டயர் ஆனது கம்ப்யூட்டருக்குத் தெரியாது போல. பாவம், அதுகிட்ட இன்னும் பேட்டி எடுத்துட்டு இருக்கீங்க."

பத்தாவது நாள் எனக்குக் காரணம் கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கம். மதியம் ஒரு மணிக்கு மேல் சங்கு ஊதி வெடி வைப்பார்கள். அலமாரிக் கண்ணாடி ஒரு கணம் நடுங்கி அடங்கும். பழகிவிட்ட சத்தம் என்பதால் நான் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அன்று சங்கு ஊதியபோது கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று பதினைந்து.

பக்கத்து வீட்டுக்காரர் அந்தச் சுரங்கத்தில் துளை போடும் இயந்திரம் ஓட்டியவர். அவரிடம் சொன்னேன்.

"வெடி வெச்சா உங்க வூட்டு கம்ப்யூட்டர் மயக்கம் போட்டு வுழுதாக்கும்?" என்றார். "எங்க எரும மாடு அசை போடறதக்கூட நிறுத்தறதில்லைங்க. அதுகிட்ட கொஞ்சம் தைரியம் கேட்டு வாங்கிக்கச் சொல்லுங்க."

"நேரம் ஒத்துப் போகுதுண்ணே."

"அந்த நேரத்துலதான் எனக்குக் கொட்டாவியும் வருது. அதுவும் வெடியாலயா?"

நான் சிரிக்கவில்லை. பேக்கப்பைக் காலை பத்து மணிக்கு மாற்றி, முதலிலிருந்து முழுப் பிரதி எடுக்கும்படி சொன்னேன். மறுநாள் பத்தே முக்காலுக்குப் பச்சை நிறத்தில் டிக் அடையாளம் வந்தது. "முடிந்தது." அந்த வார்த்தையை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை.

அன்றே கலெக்டருக்கு ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தியில் வீட்டுச் சுவர் விரிசல்கள், இரண்டாம் பத்தியில் கணினி. ஆனால் மனுவுக்கு ஒரு முறை நடந்தது போதாது. ஒரு மணிக்கு ஓட்டினால் நிற்கிறது, பத்து மணிக்கு ஓட்டினால் நிற்கவில்லை என்று பல முறை காட்ட வேண்டும். வெளி டிஸ்க்கில் இடம் குறைவாக இருந்தது. இடமில்லாததால்தான் நின்றது என்று நாளை யாராவது சொல்லலாம். அதனால் புதிய பிரதி முடிந்துவிட்ட தைரியத்தில், பழைய பிரதி முழுவதையும் அழித்தேன். அடுத்த சில நாட்களில் ஒன்பது முறை பேக்கப் ஓட்டினேன். ஒரு மணிக்கு ஓட்டியதில் பெரும்பாலும் நின்றது. பத்து மணிக்கு ஓட்டியதிலும் இரண்டு முறை நின்றது. அந்த இரண்டு முறையும் சுரங்கம் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை.

மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு, கணினிப் பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். "ரிப்பேருக்குக் கொடுத்துட்டு வரேன்" என்று மட்டும் மனைவியிடம் சொல்லியிருந்தேன். வழியெல்லாம் மக்காச்சோளம் காய்ந்து நின்றது. பஸ் குதித்தபோதெல்லாம் பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பெண் கணினி பழுது பார்க்கிறாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நாளிதழ் அலுவலகக் கணினிகளை அவளிடம்தான் கொடுப்போம். பெட்டியை மேசையில் வைத்து ஆன் செய்தாள். திரையைப் பார்க்கவில்லை. குனிந்து காதை வைத்தாள்.

"கேக்குதா சார்?"

கேட்டேன். உள்ளே ஏதோ நகத்தால் சுரண்டுவது போல, விட்டு விட்டு. உடனே அணைத்துவிட்டாள்.

"ஹார்ட் டிஸ்க் போயிட்டு இருக்கு. உள்ள ஒரு எடம் கெட்டுப் போயிருக்கு. சும்மா டைப் அடிச்சா அந்த எடத்துக்குப் போகாது, தெரியாது. பேக்கப்புன்னா ஒண்ணு விடாம எல்லாத்தையும் படிக்கும்ல, அங்க போயி மாட்டிக்கும். சில தரம் தாண்டிப் போயிடும், சில தரம் படுத்துரும்."

"சுரங்கத்துல வெடி வைக்கிற நேரத்துலதான்…"

"நீங்க பேக்கப் போட்ட நேரமும் அதானே சார்?"

எத்தனை முறை ஓட்டினேன் என்று கேட்டாள். நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தாள். மொத்தம் இருபத்தாறு பதிவுகள்.

"ரொம்ப நீட்டா எழுதியிருக்கீங்க" என்றாள். பிறகு நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். "ஒவ்வொரு தரம் ஓட்டும்போதும் அந்த எடம் இன்னும் கொஞ்சம் கெட்டிருக்கும் சார். மொத நாளே நிறுத்திட்டு வந்திருக்கணும். முக்கியமானதெல்லாம் வெளி டிஸ்க்குல இருக்குல்ல?"

"இருக்கு. முழுசா முடிஞ்சது ஒண்ணு இருக்கு."

வெளி டிஸ்க்கைத் தன் கணினியில் செருகினாள். லாரிப் படங்கள் இருந்தன. வெங்காயப் படங்கள் இருந்தன. மனைவியின் ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். காலியாக இருந்தது. அவள் பேக்கப்பின் அறிக்கையைத் திறந்து பெரிதாக்கினாள். பச்சை டிக்குக் கீழே இருந்த அந்த வரி: "41 கோப்புகளைப் படிக்க முடியவில்லை, தவிர்க்கப்பட்டன."

முப்பது ஆண்டுகள் அடுத்தவர் எழுதியதில் தலைப்பை மட்டும் படிக்காதே, கடைசி வரி வரை படி என்று புதிதாக வந்த நிருபர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு முந்தின பேக்கப் எங்க சார்?"

"அழிச்சிட்டேன்."

"அழிச்சதுகூட எடுத்துரலாம், மேல எதுவும் எழுதாம இருந்தா." நோட்டை மறுபடி திறந்து கடைசிப் பக்கத்தில் விரல் வைத்தாள். "அதுக்கப்புறம் ஒம்போது தரம் மேலேயே எழுதியிருக்கீங்க."

அதில் என்ன இருந்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள் வெளி டிஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு, "பெட்டிக்குள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க்க இங்க வெச்சு நான் தொட மாட்டேன் சார், இருக்கறதும் போயிடும். சென்னைல ஒரு எடம் இருக்கு, அனுப்பறேன். நம்பிக்கை வெச்சுக்காதீங்க" என்றாள்.

டிஸ்க் சென்னையில் இருந்த நாட்களில் வேறு இடங்களில் தேடினேன். மனைவியின் அன்றைய போன், புதுப் போன் வாங்கியபோது கைமாறிப் போய்விட்டது. பாடங்களைப் பெற்ற வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் இருந்தார்கள். பருத்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு தாய் நிமிர்ந்து கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"டீச்சர் அனுப்புனதா? அத அப்பவே அழிச்சிட்டோமே சார். போன்ல எடம் இல்ல இல்லன்னு தினமும் காட்டுது. எங்க வூட்டுக்காரரு படம் பாக்கணும்னு எல்லாத்தையும் தூக்கிட்டாரு." சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "டீச்சர் இப்ப எப்படி இருக்காங்க? திரும்ப ஸ்கூலுக்கு வருவாங்களா? எம் பையன் சொல்லிட்டே இருப்பான், டீச்சர் சொன்னாத்தான் கணக்கு ஏறுதுன்னு."

மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய அதே பதில். ஒரு வீட்டில் போன் கிணற்றில் விழுந்திருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பெரம்பலூரிலிருந்து அழைப்பு வந்ததும் அவள் கடைக்குப் போனேன். சென்னையில் மீட்டது ஒரு பட்டியல் மட்டும். நாற்பத்தொரு பெயர்களும் இருந்தன: பின்னம் ஒன்று, பின்னம் இரண்டு, பரப்பளவு, கடிகாரம் பார்த்தல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அளவு என்ற இடத்தில் பூஜ்யம். "பேரு மட்டும் வேற எடத்துல எழுதி வெச்சிருக்கும் சார், அதனால தப்பிச்சிடுச்சு" என்றாள். அதை அச்செடுத்துக் கொடுத்தாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பட்டியலை மனைவியிடம் கொடுத்து நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். வெடி, மனு, பழைய பிரதியை அழித்தது, ஒன்பது முறை, எதையும் விடவில்லை. அவள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையைப் பென்சிலால் திருத்தினாள்.

"எல்லாமேவா?" என்று எழுதினாள்.

"எல்லாமே."

பட்டியலை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். நோட்டில் எழுதினாள்: "குழம்பு ஆறிடும். உக்காருங்க."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி எழுதவில்லை. புதிய டிஸ்க்குடன் கணினி திரும்பி வந்தது. தினமும் ஒரு மணிக்கு பேக்கப் நிற்காமல் நடந்து முடிகிறது. கீழே உள்ள சிறிய வரியை இப்போது படிக்கிறேன். தவிர்க்கப்பட்டவை எதுவும் இல்லை.

போன வாரம் ஒரு காலையில் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விபத்து நடந்த இடத்தில் காமிரா இல்லாதபோது பார்த்ததை எழுதித்தான் அனுப்புவோம். அதுபோல அவள் குரல் எப்படி இருந்தது என்று எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று வரி வந்தது. சற்றுக் கரகரத்த, தாழ்ந்த குரல். போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டாள், "ம், சொல்லுங்க" என்பாள். கோபம் வந்தால் என்னை "சார்" என்று கூப்பிடுவாள்.

அவள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தாள். கையிலிருந்த பேனாவை வாங்கி 'கரகரத்த' என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: "அது கட்டி வந்ததுக்கு அப்புறம்."

அதற்கு முன் எப்படி இருந்தது என்று யோசித்தேன். அவள் சொன்ன வார்த்தைகள் நிறைய நினைவுக்கு வந்தன. அவை நான் படிப்பது போலத்தான் கேட்டன, என் குரலில். அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

முதல் வரியை அடித்தேன். மீதியிருந்த இரண்டு வரிகளில் குரலைப் பற்றி எதுவும் இல்லை.