சம்மதம் கேட்டு எடுத்த கோல்

விக்டோரியா அணைத் தண்ணீர் தெல்தெனியப் பழைய டவுனை மூடிய வருடம் அது. அதைப் பார்ப்பதற்காக மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறினோம். நாலு ஆண், ஒரு பெண். கங்காணியிடம் சாவு வீடு என்று பொய் சொன்னோம்.

கடைத்தெருவுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பேக்கரியில் வாங்கிய ஒரு பாணைப் பிய்த்து ஐந்து பேரும் தின்றோம். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இந்தக் கதையை இன்று என் மருமகள் என் குரலில் பதிவு செய்தாள். போனிலேயே டிகிரி படிக்கிறாள். இதையும் நான் சொல்ல அவள்தான் டைப் பண்ணுகிறாள்.

"மாமா, இது எங்க வகுப்போட ஆன்லைன் பக்கத்துல போகும். யார் வேணும்னாலும் கேட்கலாம். பேர் வர்றவங்க சம்மதம் வேணும்."

"மூணு பேர் செத்துட்டாங்கம்மா. அந்தப் புள்ள இருக்கு."

அன்று அந்தப் பெண் எங்களோடு வந்தது அவள் புருஷனுக்குக் கடைசிவரை தெரியாது. பிள்ளைகளுக்கு இன்றும் தெரியாது. இந்த வயதில் அவளுக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே அவள் இப்போது இருக்கும் கட்டுகஸ்தோட்டைக்குப் போனில் கோல் எடுத்தேன். பேரை மறைத்துவிடவா என்று கேட்டேன்.

"எதுக்கு மறைக்கணும்? பஸ்ஸ மறிச்சதே நான்தான். நீங்க நாலு பேரும் கங்காணிக்குப் பயந்து தேயிலைக்குள்ள ஒளிஞ்சீங்க. அதையும் சொல்லுங்கண்ணே."

"புள்ளைங்க கேட்டா?"

"கேட்கட்டும். எனக்கும் ஒரு வயசு இருந்துச்சுன்னு தெரியட்டும். முழுப் பேரையும் போடுங்க."

நான் ஒளியவே இல்லை. நீங்கள் யாரை நம்புவீர்கள் என்று கீழே எழுதுங்கள். என்னைத் தவிர மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி, முத்துசாமி வெள்ளையம்மா.