மேனேஜரின் முன்பாதி

அவளுக்கு 'மீசை' என்ற பட்டப்பெயர் ஏழு வயதில் வந்தது. பெரியம்மாவின் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை, பெண், முன்வரிசையில் யார் மடியிலோ தூங்கிய கைக்குழந்தை என்று ஒருவர் விடாமல் பால்பாயின்ட் பேனாவால் மீசை வைத்துவிட்டாள். அம்மா விளக்குமாற்றைத் தேடினாள். அப்பா மட்டும் நிதானமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "உங்க அக்காவுக்கு இது எடுப்பாத்தான் இருக்கு" என்றார். விளக்குமாறு அப்பா பக்கம் திரும்பியது.

இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பல் டாக்டருக்கும் டெய்லருக்கும் நடுவே சிக்கிக்கொண்ட ஒரு ஜெராக்ஸ் கடை அவளுடையது. உள்ளே மூன்று பேர் நிற்கலாம். நாலாவது ஆள் மூச்சுவிட வேண்டுமானால் வெளியே போய் விட்டுவிட்டு வர வேண்டும். பாஸ்போர்ட் போட்டோவும் எடுப்பாள். கண்ணை மூடியவை, தும்மியவை எல்லாம் கழிவுப் படங்கள். ஆடின காலும் பாடின வாயும் மட்டுமா, வரைந்த கையும் சும்மா இருக்காது. கண்ணை மூடியவரின் தலைக்குப் பின்னால் ஒரு தலையணை வரைவாள். தும்மியவருக்கு எதிரே குடையோடு ஒரு கோழி. யாருக்கும் காட்டாமல் இழுப்பறையில் போட்டுவிடுவாள். பஸ் டிரைவரான அவள் கணவர் மட்டும், வண்டி நிற்கும் இரண்டு நிமிடத்தில் ஓடிவந்து அன்றைய சரக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்.

ஒருநாள் இழுப்பறை திறந்திருந்த நேரம் பார்த்து ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். வாத்தியார் கோழியைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இது நீ வரைஞ்சதா?"

"தப்புதான் சார். இனிமே..."

"எங்க மேனேஜரையும் வரையணும்மா. காணாமப் போயிட்டான்" என்றார்.

மேனேஜர் என்பது அவர்கள் வீட்டுப் பூனை. நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்ததால் வந்த பெயர். தேடிப் போஸ்டர் ஒட்ட வேண்டும். ஆனால் அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதில் பெரிய சோபா இருந்தது. இடது ஓரத்தில் ஒரு வால், ஒரு பின்னங்கால், அரைப் பிருஷ்டம்.

"மத்தது எங்க சார்?"

"போனை எடுத்தாலே கிளம்பிடுவான்மா. இதுவே ஆறு வருஷ முயற்சி."

போட்டோவைப் பெரிதாக அச்சடித்து, இடது பக்கம் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டு, அவள் பென்சிலை எடுத்தாள். "முகம் எப்படி இருக்கும்?"

"வட்டமா இருக்கும்" என்றாள் மனைவி.

"வட்டமா? முக்கோணம். முப்பது வருஷம் ஜியோமெட்ரி நடத்தினவன்கிட்டயா சொல்றே?"

மேலே வட்டமாகவும் தாடையில் முக்கோணமாகவும் வரைந்தாள். கண்ணுக்கு வந்தார்கள். பாசமான கண் என்றாள் மனைவி. பாசமா, பரீட்சையில் கோட்டைவிட்டவனைப் பார்ப்பது போல் அல்லவா பார்ப்பான் என்றார் வாத்தியார். ஆளுக்கு ஒரு கண்ணாகப் பிரித்துக்கொடுத்தாள். அதற்குள் அவள் கைக்குச் சூடு ஏறிவிட்டது. யாரும் கேட்காமலே நீண்ட இமை, நிமிர்ந்த மார்பு, கழுத்தைச் சுற்றிப் பஞ்சுப்பொதி மாதிரி முடி. பின்பாதி பூனையாகவும் முன்பாதி பட்டத்து இளவரசனாகவும் ஒன்று எழுந்து நின்றது.

"அப்படியே மேனேஜர்!" என்று இருவரும் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள்.

'மேனேஜரைக் காணவில்லை' என்று ஐம்பது பிரதி ஒட்டினார்கள். தகவல் சொல்ல அவள் கடை நம்பர். முதலில் வந்த போன், "எந்தக் கம்பெனி மேனேஜர்? அந்த வேலை இப்ப காலியா?" என்று கேட்டது. அப்புறம் ஒருவர் முயலோடு வந்தார். இன்னொருவர் கழுத்தில் மணி கட்டிய பூனையைத் தூக்கிவர, அதன் சொந்தக்காரி பின்னாலேயே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கு நிற்க இடமில்லை.

நாலாம் நாள் சலவைக்கடைக்காரர் ஒரு துணிக்கூடையை மேஜைமேல் வைத்தார். "இஸ்திரி போட்ட போர்வைக்குள்ள நாலு நாளா தூங்குதும்மா. எழுப்பினா என்னையே முறைக்குது."

உள்ளே ஒரு பூனை. காதில் கிழிசல், சரிந்த வயிறு, பிழிந்து உதற மறந்த துணி மாதிரி முகம். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் சொல்லி அனுப்பினாள். தம்பதி மூச்சிரைக்க வந்தார்கள். வாத்தியார் பூனையைப் பார்த்தார். சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தார். மறுபடி பூனையைப் பார்த்தார்.

"இது இல்லைம்மா."

மனைவியும் இழுத்தாள். "சாயல் இருக்கு... ஆனா எங்க பையனுக்கு இமை நீளமாச்சே?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மா, அந்த இமை நான் வரைஞ்சது!"

"அப்படியா? நல்லா இருந்துச்சே..."

பெற்றவர்களையே பிள்ளையை மறக்கவைத்துவிட்டோமே என்று பதறிப்போய், போஸ்டரைக் கிழித்துத் தான் வரைந்த பாதியைக் கத்தரித்தாள். "இந்த வால் மட்டும்தான் நிஜம். இதை வச்சுப் பாருங்க."

பூனையோ வாலின்மேல் உட்கார்ந்திருந்தது. மூன்று பேரும் கூடையைச் சுற்றி வந்தார்கள். அதுவும் கூடவே சுற்றியது. வால் வெளியே வரவில்லை.

"சரி, ஒரு போட்டோ எடுத்து வீட்டுல போய் நிதானமா ஒப்பிடலாம்" என்று வாத்தியார் போனை எடுத்தார். அவ்வளவுதான். பூனை எழுந்தது, சோம்பல் முறித்தது, கூடையை விட்டு இறங்கி இடது பக்கமாக நடந்தது. அவர் பட்டனை அழுத்துவதற்குள் பாதிக்குமேல் போய்விட்டது.

வாத்தியார் திரையைப் பார்த்தார். ஒரு வால், ஒரு பின்னங்கால், அரைப் பிருஷ்டம்.

"மேனேஜர்!" என்று அலறி, கடையென்றும் பாராமல் அதைக் கட்டிக்கொண்டு அழுதார். மனைவி அவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மேனேஜர் மூவரையும் முறைத்தது.

போகும்போது வாத்தியார் தயங்கித் தயங்கி அந்தக் கத்தரித்த முன்பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு ஒருநாள் அவர் மனைவி வந்து சொன்னாள்: "சட்டம் போட்டு ஹால்ல மாட்டியிருக்காரு. வீட்டுக்கு வர்றவங்ககிட்ட அதைக் காட்டி, 'இதுதான் மேனேஜர்'ங்கறாரு. நிஜத்தை, 'இது அவன் அசிஸ்டென்ட்'ங்கறாரு."

விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. இப்போது ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களைவிட அரைகுறைப் போட்டோவோடு வருகிறவர்கள்தான் அதிகம். தலை வெட்டுப்பட்ட சித்தப்பாவுக்குத் தலை, கட்டைவிரல் மறைத்த மாப்பிள்ளைக்கு உடம்பு என்று வரைந்துகொண்டே இருக்கிறாள். இழுப்பறையை இப்போது மூடுவதே இல்லை.

போன வாரம் ஒருவர் குடும்பப் போட்டோவோடு வந்தார். எல்லோருக்கும் தலை, கை, கால் சரியாகவே இருந்தது.

"இதுல என்ன செய்யணும்ங்க?"

அவர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதோ நிக்கறாரே, என் மச்சான். இவரை ஒரு செடியா மாத்த முடியுமா?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மச்சானை உற்றுப் பார்த்தாள்.

"என்ன செடி?"

"முள்ளு இருக்கறதா."

"சரி" என்று பேனாவைத் திறந்தாள். "தொட்டியோடயா, தரையிலயா?"