மழைக் கங்காணி

என் அப்பா மாடசாமிக்குப் பிடிவாதம் அதிகம். பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் கவ்வாத்து வெட்டினார். ஒரு செடியைக் கோணலாக வெட்டிவிட்டால், கங்காணி பார்க்காவிட்டாலும் தானே போய்ச் சொல்லித் திட்டு வாங்குவார். இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை என்று அம்மா புலம்பாத நாளில்லை.

2014இல் மீரியபெத்தையில் மலை சரிந்தபோது புதைந்தவர்களை எடுக்க மண் தோண்டப் போனார். மூன்று நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார். அவர் வேலையிலிருந்து நின்ற பிறகு, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கும் மண்சரிவு ஆபத்து உண்டு என்று அதிகாரிகள் ஒரு மழைமானி கொண்டுவந்தார்கள். பொறுப்பெடுக்க யாரும் முன்வரவில்லை. அப்பா கை நீட்டினார். மழை நாளில் அளவு பார்க்க வேண்டும். ஒரே நாளில் நூற்றைம்பது மில்லிமீட்டரைத் தொட்டால், இருபது வீட்டுக்காரரையும் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டும்.

இரண்டு தடவை கிளப்பினார். இரண்டு தடவையும் மலை அசையவில்லை. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போனவர்களுக்கு அரைப்பேர்தான் விழுந்தது, பாதிச் சம்பளம். பக்கத்து வீட்டு விஜயலெட்சுமி அக்கா வாசலில் நின்றே கேட்டுவிட்டார்.

"மழைக் கங்காணி, அடுத்த தடவ நீங்களே வந்து எங்க பேருக்குக் கொழுந்து எடுங்க."

அதன் பிறகு குழாயடியில் அப்பாவைக் கண்டாலே சிரிப்பு. கோயில் கூட்டத்தில் அவர் வாய் திறந்தால், இன்றைக்கு மழை எவ்வளவு என்று யாராவது கேட்பார்கள். எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. அப்பா மேல் இன்னும் கூடுதலாக வந்தது.

போன கார்த்திகையில் விடாத மழை. மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்திருந்தார். நான் லயத்துக்குப் பின்னால் போய் மழைமானியைப் பார்த்தேன். நூற்றிருபது. பொழுது சாய்வதற்குள் நூற்றைம்பதைத் தாண்டிவிடும். திரும்பவும் கதவு கதவாகத் தட்டுவார், திரும்பவும் பேச்சு வாங்குவார். மலை சரியும் என்று நான் நம்பவே இல்லை. பாதித் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு வந்தேன்.

ஐந்து மணிக்கு அப்பா பார்த்தபோது எழுபதுதான் இருந்தது.

"என்னம்மா இது, இம்புட்டு மழைக்கு எழுபதா? கணக்கு ஒத்து வரலையே."

"ஒங்களுக்குக் கண்ணு மங்கிருச்சு. பேசாம உள்ள வாங்கப்பா."

அவர் வரவில்லை. மேலே வடிகால் கானில் சேற்றுத் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மலை ஏறினார். அரை மணி நேரத்தில் மேலே ஒரு துண்டு சரிந்தது. லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவை மறுநாள் காலையில்தான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள், மபாஸ் என்ற அதிகாரி அறிக்கை எழுத வந்தார். லயத்து ஆட்கள் எங்கள் வாசலில் கூடியிருந்தார்கள்.

"அன்னைக்கு எழுபதுன்னு குறிச்சிருக்கார். பெரியவருக்கு வயசு. அளவைப் பிழையாப் பார்த்திருக்கார் போல. அப்படித்தான் எழுத வேண்டியிருக்கு."

"ஆமாங்க சேர், பாவம்" என்றார் விஜயலெட்சுமி அக்கா.

தன் பிழையைத் தானே போய்ச் சொன்ன மனிதர் மேல், செய்யாத பிழையை எழுதப் போகிறார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா சரியாத்தான் பாத்தாரு சேர். மத்தியானம் நான்தான் பாதித் தண்ணிய ஊத்துனேன்."

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீயுமா? நாலு மணிக்கு நானும்ல ஊத்துனேன்."

அப்பா யாரிடமும் பேச்சு வாங்கக் கூடாது என்று, ஒருவருக்கொருவர் தெரியாமல், நாங்கள் இரண்டு பேரும்தான் அவரை அந்த மலைக்கு அனுப்பியிருக்கிறோம்.