வெயில் தின்ற மாடிக் கித்தான்

மாடிக் கூடாரம் தைத்துக் கொடுப்பவனுக்கு வேலை முடிந்தது என்ற பேச்சே கிடையாது. அவன் ஊசியைக் கீழே வைத்த நிமிஷமே வெயில் மேலே ஏறி அதன் வேலையைத் தொடங்கிவிடும்.

யுத்த காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் கித்தான் என்கிற முரட்டுத் துணியில் கூடாரம் தைக்கும் கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஓர் ஓட்டுச் சாய்ப்பு, இரண்டு ஊசிப் பெட்டி, ஒரு மிக்கேல். மிக்கேல் மணப்பாட்டுக்காரன், தோணிகளுக்குப் பாய் தைத்துப் பழகியவன், எனக்குக் கூட்டாளி. அந்த நாளில் மாடி உள்ள வீட்டுக்காரர்கள் கடல் காற்றுக்காக மொட்டை மாடியில் நாலு மூங்கிலை நிறுத்திக் கித்தான் கூடாரம் போட்டுக்கொள்வது வழக்கம். போட்ட பிறகு அப்படி ஒன்று தலைக்கு மேல் இருப்பதையே மறந்துவிடுவதும் வழக்கம். கொடியில் போட்ட வேட்டியை மூன்று நாள் கழித்து எடுத்து, அது மடிப்பில் கிழிந்ததற்குக் கடைக்காரனைத் திட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் வெயிலிடம் தோற்ற நம்ம கட்சிதான். தாராளமாக உட்காருங்கள்.

கட்டைவிரல் சோதனை

ஓர் ஆடி மாதம் சுங்க ஆபீஸ் குமாஸ்தா செல்லையா கடைக்கு வந்தார். அவருடைய அக்கா ஞானம் டீச்சருக்குச் சயரோகம். மருந்தைவிடக் காற்றுதான் முக்கியம், மொட்டை மாடியிலேயே இருக்கட்டும், கீழே அந்தக் காற்றில்லாத அறையில் கொண்டுபோய்ப் போட்டால் என் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதனால் டீச்சர் எட்டு மாதமாக மாடிக் கூடாரத்திலேயே படுத்திருந்தார். கூரையில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, வந்து பாருங்கள் என்றார் செல்லையா.

போனேன். கூடாரத்தின் பக்கத் திரைக்கு உள்ளே என்னை விடவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நோய்க்கு அப்படி ஒரு கட்டுப்பாடு. வெளியே நின்றே கூரையைத் தடவிப் பார்த்தேன். வெயில் தின்கிற முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் தையல் நூல் போகும், அடுத்தது தெற்குச் சரிவு போகும். பார்வைக்கு எல்லாம் வெள்ளை வெளேர் என்று கெட்டியாகவே இருக்கும். கட்டைவிரலை வைத்து அழுத்தினால்தான் குட்டு வெளிப்படும். அழுத்தினேன். அப்பளத்தில் இறங்குவது போல விரல் இறங்கிவிட்டது.

செல்லையாவுக்கு முகம் கறுத்தது. நல்ல துணியை இந்த முரடன் கிழித்துவிட்டான் என்றே நினைத்துவிட்டார். கித்தான் முழுக்கப் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம், புதிதாக ஒரு முழம் கிடைக்காது. ஐப்பசி மழைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அதற்குள் கூரையைத் தேற்றாவிட்டால் டீச்சர் கீழே இறங்க வேண்டியதுதான். இறங்கினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் கிழிசலின் ஓரத்தை விரலால் அளந்துகொண்டிருந்தபோது திரைக்கு உள்ளே இருந்து டீச்சரின் குரல் வந்தது: "ஏலே செல்லையா, அண்ணாச்சிய மொறைக்காத. கிழிச்சது வெயிலு. அவரு எடத்தக் காட்டிக்குடுத்தாரு, அவ்வளவுதான்."

மூன்று தடவை குளியல்

உப்புத் தூசி படிந்த கித்தானை நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும், சோப்பு கூடாது, காயாமல் சுருட்டக் கூடாது என்று செல்லையாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். நல்ல தண்ணீர் எங்கள் ஊரில் லேசில் கிடைக்கிற சரக்கா என்று யோசிக்காமல் சொன்னது என் தப்பு. கிணற்றில் உவர், குடிக்கிற தண்ணீருக்கே வண்டிக்காரனை எதிர்பார்த்து நிற்க வேண்டும். செல்லையா மூளையைச் செலவழித்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மாட்டு வண்டியைப் பிடித்து, பீப்பாய் நிறையக் கடல் தண்ணீர் கொண்டுவந்து, குடம் குடமாக மாடிக்கு ஏற்றி, கூரையை மூன்று தடவை குளிப்பாட்டிவிட்டார். தோணிப் பாய் கடல் தண்ணீரிலேயே கிடக்கிறதே, கெட்டா போய்விட்டது என்று ஒரு நியாயம் வேறு.

அடுத்த வாரம் நான் போனபோது கித்தான் பலகை மாதிரி விறைத்து, உப்புப் பூத்து நின்றது. உப்பு சும்மா இருக்காது, காற்றிலுள்ள ஈரத்தை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். காலையில் சொதசொதப்பு, மத்தியானம் விறைப்பு. ஏற்கெனவே குற்றுயிராகக் கிடந்த துணிக்கு இது போதாதா? எனக்குக் கோபம் வந்தால் எதிரே இருப்பவர் சர்க்கார் உத்தியோகஸ்தரா என்று பார்க்கத் தோன்றாது. மனசாரக் கத்தித் தீர்த்தேன். உள்ளே டீச்சர் இருமுகிறது கேட்டது. கத்தியது தப்போ என்று நான் வாயை மூடியபோதுதான், கடைசியில் வந்தது இருமல் அல்ல, சிரிப்பு என்று தெரிந்தது. "உப்பும் போட்டாச்சு, வெயிலும் அடிக்கி. கருவாடு கெட்டுப்போவுமா அண்ணாச்சி? இனி எனக்கு ஒண்ணும் ஆவாது, நீங்க தொண்டைய வீணாக்காதீங்க."

கருவாடு என்று அந்த அம்மாள் சொன்னது வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனாலும் கடை வந்து சேரும்வரை அதுவே காதில் நின்றது. இந்தக் கூரையைத் தேற்றாமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மிக்கேலின் மருந்து

மிக்கேலிடம் வைத்தியம் கேட்டேன். தோணிப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெயைக் கித்தானுக்குப் பூசினால் வெயிலும் அண்டாது, மழையும் அண்டாது என்று அடித்துச் சொன்னான். நோயாளி தலைக்கு மேல் நேராகப் போய்ப் பரீட்சை பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. எங்கள் சாய்ப்பின் மேலேயே ஒரு பழைய கித்தானை விரித்து, மிக்கேல் ஆசை தீரப் பூசினான்.

மத்தியானத்துக்குள் துறைமுகத்துப் பூனைகள் அத்தனையும் எங்கள் கூரைக்கு வந்துவிட்டன. காக்காய்கள் ஓட்டு விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தன. நக்கியது போதாதென்று ஒரு கடுவன் பூனை கித்தானைக் கடித்தே தின்னப் பார்த்தது. துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் நின்றே பேசினார்கள். கடைசியில் ஆவாரம் பட்டையை அண்டாவில் அவித்து, அந்தச் சாயத்தில் டீச்சர் கூரையின் கித்தானை முக்கி எடுத்தோம். வெள்ளைக் கித்தானைவிடப் பட்டைச் சாயம் ஏறிய கித்தான் வெயிலுக்குக் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும். இதை முதலிலேயே செய்திருக்கலாமே, எண்ணெய் பூசும்போது பூனையை நினைக்கவில்லையா என்று மிக்கேலைப் பிடித்துக்கொண்டேன். அவன் கொஞ்சமும் அசையவில்லை. "நடுக்கடல்ல பூனை எங்கன இருந்து அண்ணாச்சி வரும்?"

மண்டி அண்ணாச்சியின் பெயர்

சாயம் போட்டதில் மீதித் துணிக்கு ஆயுசு கூடியது, ஆனால் செத்துப்போன தெற்குச் சரிவுக்கு ஒட்டுப்போடத் துணி வேண்டுமே. அது கிடைத்தது வெங்காய மண்டி அண்ணாச்சி வீட்டு மாடியில். அவர் தம்முடைய கூடாரக் கூரையின் தெருப்பக்கத்துச் சரிவில், ஆளுக்குப் பாதி உயரம் வருகிற சிவப்பு எழுத்துகளில், தம் பெயரையும் மண்டியின் பெயரையும் எண்ணெய்ச் சாயத்தால் எழுதி வைத்திருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூரையை வடக்கு தெற்காகத் திருப்பிப் போட்டால் வெயில் இரண்டு பக்கத்தையும் சமமாகத் தின்னும், ஒரேயடியாகப் போகாது என்று வருஷா வருஷம் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். பெயரைப் பின்பக்கம் திருப்பினால் வியாபாரமும் பின்பக்கம் திரும்பிவிடும் என்பார். பேச்சு அதோடு முடிந்தது.

கொழும்பில் குண்டு விழுந்ததிலிருந்து எங்கள் ஊரில் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தோம். விமான எச்சரிக்கை அதிகாரி ஒருவர் வீடு வீடாக வந்து, வெள்ளைக் கூடாரமெல்லாம் ஆகாயத்திலிருந்து பளிச்சென்று தெரியும், இறக்குங்கள் என்றார். பட்டைச் சாயம் ஏறிய டீச்சர் கூரை தப்பியது. மண்டி அண்ணாச்சியின் எழுத்துகளைப் பார்த்ததும் அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. இறக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பாகம் முழுவதும் அப்பளம். எழுத்து இருந்த இடம் மட்டும் சாயத்தின் தயவில் மாட்டுத்தோல் மாதிரி கெட்டியாக இருந்தது. அண்ணாச்சி கீழே நின்று புலம்பிக்கொண்டிருந்தார்: "குண்டு போட வாரவன் எம் பேர நின்னு படிச்சிட்டா போடப்போறான்?"

அந்த எழுத்துகளை டீச்சர் வீட்டுக்குக் கேட்டேன். அண்ணாச்சி தயங்கினார். பெயர் போய் ஒரு நோயாளியின் தலைக்கு மேல் உட்காருவதா என்று அவருக்குச் சங்கடம். அவர் இல்லை என்று சொன்னால் எனக்கு வேறு வழியில்லை. நான் கெஞ்சுகிற ஜாதி இல்லை, இருந்தும் அன்று கெஞ்சினேன். மழைக்கு முன்னால் கூரை வேயாவிட்டால் அந்த அம்மாள் கீழே இறங்கணும், இறங்கினால் பிழைக்கமாட்டார் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கொண்டுபோங்க. எழுத்து தனித்தனியாக் கெடந்தா எனக்கு ஒண்ணுமில்ல. வரிசையாச் சேந்து எம் பேரா ஆயிரப்பிடாது."

விரல் வைத்த இடம்

எழுத்துகளை வெட்டி, தலைகீழாகவும் குறுக்காகவும் வைத்து, தேன்மெழுகு தேய்த்த நூலால் இரட்டைத் தையல் போட்டோம். மிக்கேல் ஊசி குத்தாமலிருக்க உள்ளங்கையில் தோல் பட்டையை மாட்டிக்கொண்டு எட்டு நாள் ஊசி தள்ளினான். ஆவாரம் பட்டைச் சாயம் ஏறிய கூரையில் அங்கங்கே ஒரு சிவப்புக் கொம்பு, ஒரு சிவப்புச் சுழி. பார்க்கிறவன் சிரிப்பான். சிரித்துக்கொள்ளட்டும் என்று ஏற்றிக் கட்டினேன்.

ஐப்பசியில் முதல் மழை ஒரு மத்தியானம் கொட்டியது. நான் குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன். கித்தானும் கயிறும் நனைந்தால் சுருங்கும், அந்த நேரத்தில் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தையலைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். மாடியில் செல்லையா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு கயிற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். அவரைத் தள்ளிவிட்டு நாலு மூலையையும் தளர்த்தினேன். தளர்த்திவிட்டு, உள்ளே ஒழுகுகிறதா என்று மழைச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். பதில் இல்லை. திரையைத் தூக்கிவிடலாமா என்று கை வைத்தபோதுதான் குரல் வந்தது. வாயில் தெர்மாமீட்டர் இருந்ததாம்.

"ஒரே எடத்துலதான் சொட்டுது. காலைல தம்பி, அண்ணாச்சி எப்படித் தச்சிருக்காரு பாருன்னு அங்கன விரல வச்சி அழுத்திக் காட்டினான்." நனைகிற கித்தானை உள்ளிருந்து தொட்டால் தொட்ட இடத்தில் தண்ணீர் வழி கண்டுவிடும். காலையில் அழுத்தியதற்கும் மத்தியானச் சொட்டுக்கும் சம்பந்தமில்லை, மழை தொடங்கிய பிறகும் ஒரு தடவை தொட்டிருக்க வேண்டும். செல்லையாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தம்முடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வசவுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார். "அவன விடுங்க. சொட்டுத எடத்துல செம்பு வச்சிருக்கேன். நல்ல தண்ணி அண்ணாச்சி, வண்டிக்காரனுக்குக் காத்திருக்காண்டாம்."

இறக்கிய நாள்

மழைக்காலம் முழுக்கக் கூரை நின்றது. நான் வாரம் ஒருமுறை போய்க் கயிற்றைப் பார்ப்பேன், வெளியே நின்று சத்தம் கொடுப்பேன், டீச்சர் உள்ளேயிருந்து எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று சொல்வார். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. மாசியில் செல்லையா கடைக்கு வந்து, வாசலிலேயே நின்று, கூடாரத்தைப் பிரிக்க வேண்டும் என்றார். வாய் திறந்து கேட்கப் பயம். மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டு ஊசிப் பெட்டியை மூடினான். செல்லையா எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான், தாம் சேதியைப் பாதியில் நிறுத்திவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. நெஞ்சு சுத்தமாகிவிட்டது, இனி கீழேயே இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

நானும் மிக்கேலும் மாடிக்குப் போனபோது கூடாரம் காலியாக இருந்தது. ஏழு மாதம் தைத்தும் கழுவியும் கத்தியும் காப்பாற்றியதை அரை மணி நேரத்தில் பிரித்துச் சுருட்டிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெயில் கூச்சம் என்று மிக்கேலிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை. கித்தான் சுருட்டைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினால், முற்றத்தில் நீல நூல் சேலை கட்டிய ஓர் அம்மாள் தூணைப் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். யாரோ சொந்தக்காரர் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டேன். அவரும் என்னை யாரோ சுமை தூக்குகிறவன் என்று நினைத்து ஒதுங்கினார். அப்புறம் நான் வழக்கம்போல, "மூங்கிலு பத்திரம்லே" என்று பின்னால் வந்த மிக்கேலைப் பார்த்து ஒரு சத்தம் போட்டேன். அந்த அம்மாள் சட்டென்று திரும்பினார். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அப்படிப் பார்க்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை, எனக்கு ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு.

"நீங்கதானா அண்ணாச்சி? அந்தச் சத்தத்தக் கேட்டுக்கேட்டு, ஒரு ஆறடி ஆளு வெளிய காவலுக்கு நிக்காருன்னுல்லா நான் பயமில்லாமத் தூங்கினேன்."

கித்தான் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சாட்சி இதுதான், அதிலும் என் தையலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.