மைக்கை முழங்கால் மட்டும் இறக்கு

தியாகதுருகத்துக்கு மேற்கே எந்தக் கழனியில் நடவு என்றாலும் முன்பாட்டு செவ்வந்திதான். காலனியிலிருந்து வருகிற கூலிப் பெண்களும், சொந்த நிலத்தில் தாங்களே இறங்கி நடுகிற ஊர்ப் பெண்களும் ஒரே வரிசையில் குனிந்து நிற்பார்கள். அவள் ஓர் அடி எடுத்துவிடுவாள். வரிசை மொத்தமும் பதில் பாடும். பாட்டு நின்றால் கையும் நின்றுவிடும் என்பதால், வரப்பில் நிற்கிற நிலக்காரர்கூட அவளிடம் வாயைக் கொடுக்க மாட்டார். அப்படியொரு தொண்டை, அப்படியொரு வாய்!

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில் அந்த வரிசை உடைந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஊர்க்காரர்கள் நடத்திய சாலை மறியலில் ரோட்டோரப் புளியமரங்களெல்லாம் வெட்டுப்பட்டுக் குறுக்கே விழுந்தன. யார் வீட்டுப் பிள்ளை ஜெயிலில், யார் வீட்டுக் கூரை தீயில் என்று ஆளுக்கொரு பேச்சு. ஊரும் காலனியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எந்நாளும் செவ்வந்திக்குப் பக்கத்திலேயே நின்று நட்ட கமலா, எதிரில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போனாள். ஊர்ப் பெண்கள் தனியாக, வாயைத் திறக்காமல் நட்டார்கள். காலனிப் பெண்களுக்கு வேலையே இல்லை. கூலி போனதைவிட அந்த வரிசை போனதுதான் செவ்வந்தியின் நெஞ்சை அறுத்தது.

இந்த லட்சணத்தில் ஒரு கச்சேரி! சண்டையில் பள்ளிக்கூடத்தைப் பறிகொடுத்து மரத்தடியில் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பணம் சேர்க்க, இளைஞர் மன்றத்துத் தங்கதுரை மறியலுக்கு முன்பே டிக்கெட் விற்றுவிட்டான். மறியல் முடிந்த ஒரு வாரத்தில், டிக்கெட்டில் போட்ட தேதிக்குச் சனமும் பள்ளி மைதானத்துக்கு வந்துவிட்டது. முன்னால் ஊர், பின்னால் காலனி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு வெற்றுத் தரை. வர வேண்டிய பாட்டுக் குழுதான் வரவில்லை. விழுந்த மரங்களை இன்னும் அப்புறப்படுத்தாததால் அவர்களுடைய வேன் விழுப்புரத்துப் பக்கமே நின்றுபோனது.

"பாட்டு இல்லன்னா துட்ட திருப்பிக் குடு!" என்று முன்வரிசையில் சத்தம் கிளம்பியது. தங்கதுரைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னால் ஓடி வந்தான்.

"செவ்வந்தியக்கா, நீ பாடுக்கா. துட்ட திருப்பிட்டா அந்தப் புள்ளைங்களுக்கு ஒண்ணும் போவாது."

"இன்னா தம்பி, வெளையாடுறியா? நா சேத்துல பாடுறவ. மேடையேறிப் பல்ல காட்டவா?"

சொல்லிவிட்டாளே தவிர மனசு கேட்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததே ஓட்டுப் போடத்தான். மரத்தடியிலாவது படிக்கிற பிள்ளைகளை நினைத்தாள். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள்.

மைக்செட் பச்சமுத்து மைக்கை அவள் வாய்க்கு நேராக நிறுத்தினான். பாட்டு வரவில்லை. நிமிர்ந்து நின்று அவள் என்றைக்குப் பாடினாள்? கை நாற்றைப் பிடிக்காமல் வாய் எப்படித் திறக்கும்? "இன்னா, ஊமப் படமா?" என்று எவனோ கத்த, சிரிப்பு பரவியது. இப்படியே இறங்கினால் இனி எந்த முகத்தோடு முன்பாட்டு பாடுவது?

"பச்சமுத்து, மைக்க கீழ எறக்கு."

"எது வரைக்கும்?"

"மொழங்காலு மட்டும்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். இடது கை, இல்லாத நாற்றுமுடியைப் பிடித்தது. வலது கை மேடைப் பலகையில் நடத் தொடங்கியது. சிரித்தவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "ஆத்துக்கு அந்தாண்ட" என்று எப்போதும் தொடங்குகிற அடி அன்றைக்குத் தானாக மாறி வந்தது.

"கடலுக்கு அந்தாண்ட ஒரு கழனி..."

நிறுத்தினாள். வரிசை பதில் சொல்லாமல் அடுத்த அடி எடுப்பது நடவில் வழக்கமில்லை. சிரிப்பு அடங்கியது. பின்னாலிருந்து காலனிப் பெண்கள் குரல் கொடுத்தார்கள்:

"நாமதாண்டி நடணும் தங்கமே!"

பாதி வரிசைதான். மீதிப் பாதியைக் காணோம் என்பது அவள் காதுக்குத் தெரியாதா? அடுத்த அடிக்குப் போகாமல் அதே அடியை மறுபடியும் எடுத்தாள். அதற்கும் பின்னாலிருந்துதான் பதில். திரும்பவும் அதையே எடுத்தாள். பிடிவாதக்காரி! தங்கதுரை தலையில் கை வைத்துக்கொண்டான்.

அப்போது முன்வரிசையில் ஒரு கட்டைக் குரல், யாரையோ திட்டுகிற மாதிரி, தனியாக எழுந்தது.

"நாமதாண்டி நடணும் தங்கமே!"

கமலா! "வாய மூடு" என்று புருஷன் கையைப் பிடிக்க, வெடுக்கென்று உதறினாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் பாடினாள். பிறகு ஊர்ப் பெண்கள் எல்லோரும் பாடினார்கள். குனிந்த தலையை நிமிர்த்தாமலே செவ்வந்தி அழுதாள். பாட்டு மட்டும் நிற்கவில்லை. அடுக்கடுக்காக அடி எடுத்துவிட்டாள். துட்டைத் திருப்பிக் கேட்டவன்கூட அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

கூட்டம் கலைகிறபோது, நடுவிலிருந்த வெற்றுத் தரையைத் தாண்டிக் கமலா வந்தாள். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

"ஒரே அடிய எத்தினி வாட்டிடீ பாடுவ? மானமே போச்சு எனக்கு."

"நீ வாயத் தொறக்குற வரைக்கும்தான் கமலாக்கா."

கமலா வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நாளைக்கி எங்க கழனியில நடவு. எல்லாரையும் இட்டுக்கினு வந்துடு. ஊமையா நட்டு நட்டு, நாத்தெல்லாம் கோணிக்கினு நிக்குது."