நாங்கள் எழுதிய வைரஸும் ஊருக்கு வந்த காய்ச்சலும்

மெகருன்னிசா அக்கா இறந்துவிட்டார் என்று தாம்பரம் மருத்துவமனை வாசலிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது, "யார் பார்த்துச் சொன்னது?" என்றுதான் முதலில் கேட்டேன். அக்காவோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த எவர் வாயிலும் அதுதான் வந்திருக்கும்.

படப்பைக்கு அருகே இருந்தது எங்கள் ஆய்வகம். சிக்குன்குனியா வைரஸின் மரபுக்குறியீட்டைச் செயற்கையாக உருவாக்கி, அதை வைத்து மருந்துகளைச் சோதித்தோம். பரவுவதற்கு வேண்டிய பகுதியை நீக்கிய நகல் அது. அக்காவுக்கு அது போதவில்லை. இயற்கையில் எங்கும் காணாத ஒரு மரபு எழுத்து வரிசையை அதற்குள் அடையாளமாகச் சேர்க்க வைத்தார். எதற்கென்று கேட்டோம். "நாளைக்கு நம்ம மேலயே சந்தேகம் வரும். அப்போ செக் பண்ண ஏதாவது வேணும்ல?" என்றார்.

காய்ச்சல் தெருத்தெருவாகப் பரவிய ஆண்டில் அந்தச் சந்தேகம் வந்தது. முடிச்சூரில் அக்கா குடியிருந்த வீட்டின் உரிமையாளர் தேவராஜ், வீங்கிய மூட்டுகளோடு கதவைப் பிடித்தபடி நின்று கேட்டார்: "நீங்க லேபுல செஞ்சி வுட்டதுதான் இதுன்னு ஊரே பேசிக்கினு கீது. மெய்யா?"

பதிலே சொல்ல வேண்டாம் என்பது எங்கள் இயக்குநரின் உத்தரவு. அக்காவோ, "தெரியல அண்ணா. பார்த்துட்டு சொல்றேன்" என்றார். இல்லை என்று அடித்துச் சொல்லாததற்காக இயக்குநர் அவரோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்.

தேவராஜின் ரத்தத்தையும், தெருவில் சம்மதித்தவர்களின் ரத்தத்தையும் சோதித்தோம். எதிலும் எங்கள் அடையாளம் இல்லை. நாங்கள் நீக்கிய பகுதியோ அப்படியே இருந்தது. இது எங்கள் வைரஸ் இல்லை என்று நான் நிம்மதியானேன். அக்கா ஆகவில்லை. எங்கள் சோதனையே பிசகியிருந்தால்? எங்கள் நகலையும் பெயர் மறைத்து அந்த ரத்த மாதிரிகளுக்கு நடுவே வைத்து, எல்லாவற்றையும் வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே எங்கள் நகல் மட்டும் அடையாளத்தோடு பிடிபட்டது.

முடிவைச் சொன்னபோது தேவராஜ், "அந்த லேபும் உங்காளுங்கதானே?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அக்கா சற்று யோசித்துவிட்டு, "நியாயம்தான் அண்ணா. நீங்க நம்பற டாக்டரைக் கூட்டிட்டு வாங்க, எல்லாத்தையும் காட்டறேன்" என்றார். குரோம்பேட்டையிலிருந்து தேவராஜின் மருத்துவர் வந்து, குடைந்து குடைந்து கேட்டு, முடிவு சரிதான் என்று ஒப்புக்கொண்டார். தேவராஜ் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. நம்பிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் தெருவில் யாராவது ஆய்வகத்தைத் திட்டினால், போய்ப் பார்த்துவிட்டுப் பேசு என்பாராம்.

அக்காவின் சந்தேகம், அவருக்கு அஞ்சலி செலுத்த இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு எரிச்சல் தந்திருக்கும். எனக்கும்தான். பிறரைச் சந்தேகிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. தன் கையிலிருந்தே அதைத் தொடங்கியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

வேண்டிய விடை சோதனையில் வந்து விழும்போது, இப்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. அந்தத் தாமதம் அக்கா கொடுத்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.